சேர்த்து வைத்த ரிவார்டு பாயிண்டுகளின் மதிப்பைக் குறைத்தது பற்றிய புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி,
கிரெடிட் கார்டு பிரிவு

மதுரை,
6 மே 2025

பொருள்: 1 ஏப்ரல் 2025-க்கு முன்பே நான் சேர்த்த பாயிண்டுகளைப் பழைய மதிப்பில் தர வேண்டுதல், திரும்ப எடுக்கப்பட்ட 1,120 பாயிண்டுகளை மீண்டும் சேர்க்க வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2022 ஆகஸ்ட் முதல் உங்கள் வங்கியின் கிரெடிட் கார்டு என்னிடம் இருக்கிறது. இந்த 32 மாதங்களில் ஒரு பில்கூட கெடு தாண்டியதில்லை. மினிமம் டியூ எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிப்போட்டதும் இல்லை. நான் ஒரு பள்ளி ஆசிரியை. சம்பளம் வந்த இரண்டாம் நாளே கார்டு பில்லை முழுசாகக் கட்டிவிடுவேன். மாதம் 3.5 சதவீத வட்டியில் மாட்டிக்கொண்டால், வருஷம் முழுக்கச் சேர்த்த பாயிண்டெல்லாம் ஒரே பில்லில் கரைந்துவிடும் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தேன்.

பாயிண்டுக்காக வேண்டாத பொருள் எதையும் வாங்கவில்லை. எப்படியும் செய்தாக வேண்டிய செலவுகளைத்தான் கார்டுக்கு மாற்றினேன். மளிகை, பையனின் ஸ்கூல் ஃபீஸ், மின்கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை. பெட்ரோலுக்குப் பாயிண்ட் கிடையாது, 1 சதவீத சர்சார்ஜ் தள்ளுபடி மட்டும்தான் என்பதால் அதில் எதையும் எதிர்பார்க்கவில்லை. மளிகைச் செலவுக்கு உண்டான இரட்டைப் பாயிண்ட், வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் ஏறவில்லை. விசாரித்தபோது, அந்தக் கடையின் ஸ்வைப் மெஷின் வேறு வியாபார வகையில் பதிவாகியிருக்கிறது என்றார்கள். சரி, அது உங்கள் தவறில்லை என்று விட்டுவிட்டு, மாதச் சாமான் வாங்குவதற்கு மட்டும் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டிபார்ட்மென்டல் ஸ்டோருக்குப் போக ஆரம்பித்தேன். இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் விதிகளை நான் வரிவரியாகப் படித்து, அதன்படியே நடந்தவள்.

கார்டோடு வந்த கையேட்டில் பாயிண்டின் மதிப்பு அட்டவணையாகவே இருக்கிறது. விமான டிக்கெட்டுக்கு ஒரு பாயிண்ட் 50 பைசா. கிஃப்ட் வவுச்சருக்கு 25 பைசா. பில்லில் கழித்துக்கொண்டால் 20 பைசா. பொருள்களாக வாங்குவதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் 2,400 ரூபாய்க்குக் கிடைக்கும் மிக்ஸிக்கு உங்கள் பட்டியலில் 14,000 பாயிண்ட் கேட்டார்கள். பாயிண்டுக்கு 17 பைசாதான் தேறியது. அன்றைக்கே முடிவு செய்தேன், ஒரு பாயிண்டைக்கூட வேறு எதிலும் செலவழிக்கக் கூடாது, விமான டிக்கெட்டுக்குத்தான் என்று.

அந்த டிக்கெட் யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இரண்டு பேரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. மகாளய அமாவாசைக்குக் காசியில் தன் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து போக அம்மாவின் மூட்டு வலி இடம் தராது. போகும்போது விமானத்தில் அனுப்பி, திரும்பும்போது நடுவில் ஓர் ஊரில் இறங்கித் தங்கி ரயிலில் வரட்டும் என்று திட்டம் போட்டோம். கங்கைத் தீர்த்தம் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் சேர்ப்பதற்காக, அம்மா பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஏப்ரல் 19, சனிக்கிழமை இரவு. மதுரையிலிருந்து வாரணாசிக்கு, நடுவில் ஒரு விமானம் மாறிப் போக இரண்டு டிக்கெட் 18,640 ரூபாய் காட்டியது. என் கணக்கில் 38,460 பாயிண்டுகள். 50 பைசா வீதம் 19,230 ரூபாய் ஆகிறது, டிக்கெட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆதாரில் இருக்கிறபடி இரண்டு பேரின் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துப் போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஜன்னல் ஓரமா கெடைக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த பக்கத்துக்குப் போனதும், பாயிண்டுகளின் மதிப்பு 7,692 ரூபாய் என்று வந்தது. அதற்குக் கீழே ரிடெம்ப்ஷன் கட்டணம், அதாவது பாயிண்டைப் பயன்படுத்துவதற்கே ஒரு கட்டணம், 99 ரூபாய், ஜிஎஸ்டி 17.82. ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று முறை வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். அதே தொகைதான். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "விடும்மா, நாங்க ரயில்லயே போயிக்கிறோம்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கஸ்டமர் கேரில் 40 நிமிடம் காத்திருந்து பேசினேன். "மேடம், டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் எப்ப வேணும்னாலும் மாறும், மெயில் அனுப்பிட்டோம்" என்று பதில் வந்தது. பேசிய பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை, தனக்குச் சொல்லித்தந்ததை அவர் சொன்னார். தேடிப் பார்த்ததில் அந்த மெயில் இருந்தது. மார்ச் 27 அன்று வந்திருக்கிறது. தலைப்பில் உங்கள் கார்டில் புதிய வசதிகள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. உள்ளே ஓர் இணைப்பு, அதைத் திறந்தால் ஒன்பது பக்கம். ஏழாம் பக்கத்தில்தான் விமான டிக்கெட்டுக்கு இனி 20 பைசா, ஏப்ரல் 1 முதல் அமல் என்று இருக்கிறது. நடுவில் ஐந்தே நாள்.

கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை நான் படித்திருக்கிறேன். கட்டணங்களில் செய்யும் மாற்றம் இனி வரும் காலத்துக்கு மட்டும்தான் பொருந்த வேண்டும், குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. புதிதாகப் போட்ட 99 ரூபாய் கட்டணம் நேராகவே இதற்குள் வருகிறது. பாயிண்டின் மதிப்பு கட்டணம் ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். என் கேள்வி அதைவிட எளிமையானது. நாளைக்கு நான் செய்யப்போகும் செலவுக்கு எவ்வளவு தருவது என்பது உங்கள் இஷ்டம். பிடிக்கவில்லை என்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆனால் இந்த 38,460 பாயிண்டுகள் நாளைய கணக்கு இல்லை. 50 பைசா என்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்ததை நம்பி நான் செலவு செய்து, பில்லும் கட்டி முடித்த நேற்றைய கணக்கு. பதினோரு மாதம் நகைச்சீட்டு கட்டி முடித்தவரிடம், செய்கூலித் தள்ளுபடி இந்த மாதம் முதல் பாதிதான் என்று கடைக்காரர் சொன்னால் ஊரில் யாராவது ஒத்துக்கொள்வார்களா? என் விஷயத்தில் பாதிகூட மிஞ்சவில்லை, 11,538 ரூபாய் போய்விட்டது.

காத்திருந்து பார்க்கலாம் என்றாலும் வழியில்லை. பாயிண்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். முதலில் சேர்த்தவை இந்த ஆகஸ்டிலேயே காலாவதியாகத் தொடங்கும்.

இன்னொன்று. மார்ச் 12 அன்று 42,000 ரூபாய் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டினேன். 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட் வீதம் 1,120 பாயிண்டுகள் கணக்கில் ஏறின. ஏப்ரல் 10 ஸ்டேட்மென்டில் அவற்றைத் திரும்ப எடுத்திருக்கிறீர்கள். இன்சூரன்ஸுக்குப் பாயிண்ட் இல்லை என்ற விதியும் ஏப்ரல் 1-ல்தானே வந்தது? அதற்கு 20 நாள் முன்பு நடந்த செலவுக்கு அது எப்படிப் பொருந்தும்? கஸ்டமர் கேரில் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. புகார் எண் மட்டும் கொடுத்தார்கள், இரண்டே நாளில் தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. ஒன்றும் தீரவில்லை.

நான் கேட்பது இதுதான். மார்ச் 31 வரை சேர்ந்த என் பாயிண்டுகளை விமான டிக்கெட்டுக்கு 50 பைசா வீதமே, 99 ரூபாய் கட்டணம் இல்லாமல், பயன்படுத்த விட வேண்டும். பிடித்த 1,120 பாயிண்டுகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்தப் புகார் முடியும்வரை எந்தப் பாயிண்டும் காலாவதியாகக் கூடாது. அப்புறம், கார்டு விதிகள் எளிய மொழியில், முடிந்தவரை ஆங்கிலம், இந்தியோடு உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஒன்பது பக்கத்தையும் தமிழில் அனுப்புங்கள். என்னோடு வேலை செய்யும் நான்கு ஆசிரியைகள் நான் சொல்லித்தான் இந்தக் கார்டை வாங்கினார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்த மாற்றம் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையேட்டின் அட்டவணைப் பக்கம், மார்ச், ஏப்ரல் ஸ்டேட்மென்டுகள், ஏப்ரல் 19 இரவு எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், அல்லது வரும் பதில் போனில் சொன்னதையே திரும்பச் சொன்னால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் 2021 ஒருங்கிணைந்த திட்டத்தின் கீழ் மனு கொடுப்பேன்.

மகாளய அமாவாசை இந்த வருஷம் செப்டம்பர் 21. அன்று பார்த்த டிக்கெட்டின் விலை இந்த இரண்டு வாரத்திலேயே 1,300 ரூபாய் ஏறிவிட்டது. அதனால் 30 நாள் முடியும்வரை வைத்திருக்காமல் சீக்கிரம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்