செயலாளர் ஆண்டறிக்கை: நகரத்துக்குள் இருக்கும் நம் அல்சூர்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த்தொல்லை என்று வழக்கமான மனுக்கள் போயின. சிலவற்றுக்குப் பலன் கிடைத்தது. விவரமெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருப்பதால் இங்கே நீட்டவில்லை.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஊர் நடைதான். புதிய அடுக்குமாடிகளுக்குக் குடிவந்தவர்களையும் நம் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, சோமேஸ்வரர் கோயிலில் தொடங்கி பஜார் தெரு வழியாக ஏரிக்கரை வரை நடந்தோம். பெங்களூர் எம்.ஜி. ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஏரியா என்ற அளவில்தான் பலருக்கு அல்சூரைத் தெரிந்திருந்தது. பெங்களூரை உண்டாக்கிய கெம்பே கவுடா 1537-இல் மண்கோட்டை கட்டிய பேட்டை, அதாவது பழைய நகரம், இங்கிருந்து மேற்கே சில மைல் தள்ளி இருந்தது. அந்த வம்சத்தார் எல்லைக் காவலுக்கு எழுப்பியதாகச் சொல்லப்படும் நான்கு கோபுரங்களில் ஒன்று நம் ஏரிக்குப் பக்கத்தில், ராணுவ வளாகத்துக்குள் நிற்கிறது. அதாவது அன்றைய பெங்களூரின் கண்ணுக்கு எட்டிய கடைசி இடம் நாம். கோயிலைப் பற்றிய கதை எல்லோருக்கும் பிடித்தது: யெலஹங்காத் தலைவர் ஒருவர் வேட்டையாடிக் களைத்து இங்கே மரத்தடியில் தூங்க, கனவில் ஒருவர் வந்து, 'நீ படுத்திருக்கும் மண்ணுக்கடியில் சோமேஸ்வரர் இருக்கிறார், கோயில் கட்டு, புதையல் கிடைக்கும்' என்றாராம். புதையல் எங்கே போயிற்று என்று கேட்ட சிறுவனுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

திப்பு 1799-இல் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படையை மலேரியா வாட்டியது. உயரமான, குளிர்ந்த இடம் தேடியவர்கள் 1807-இல் அல்சூர்ப் பக்கம் படைவீடு அமைத்தார்கள். அதுதான் தண்டு, அதாவது கண்டோன்மென்ட். சிப்பாய்களோடு ஒப்பந்தக்காரர்களும் கொத்தனார்களும் சமையல்காரர்களும் வண்டிக்காரர்களும் ஆற்காடு, வேலூர், சென்னைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். நம்மில் பலருடைய முன்னோர் வந்த வழி இதுதான். இங்கிருக்கும் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் சிப்பாயை இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் மேடைகளில் 'தமிழர்கள் உண்டாக்கிய அல்சூர்' என்று பேசுகிறோம். கைதட்டல் கிடைக்கிறது, ஆனால் வரலாறு அப்படி இல்லை. ஏரியும் கோயிலும் கன்னடம் பேசிய குடிகளும் நமக்கு முன்பே இங்கே இருந்தார்கள். நாம் வந்து சேர்ந்தோம், அப்புறம் ஊர்க்காரர்கள் ஆனோம். நடையில் கோயில் வரலாறு சொல்ல நாம் அழைத்ததும் பக்கத்துத் தெருக் கன்னடப் பெரியவர் ஒருவரைத்தான். தமிழும் கன்னடமும் கலந்து அவர் பேசியது எல்லோருக்கும் புரிந்தது.

மகாராஜாவிடம் மைசூர் ஆட்சி 1881-இல் திரும்பிய பிறகும் தண்டு ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947-இல்தான் அது மைசூருக்கு வந்தது. 1949-இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. அப்படிச் சேர்ந்த நகரத்தை 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

சித்திரைப் பல்லக்கு உற்சவத்துக்கு வழக்கம்போல நீர்மோர்ப் பந்தல் போட்டோம். சுற்றுவட்டக் கோயில்களின் பூப்பல்லக்குகள் விடிய விடிய வந்துகொண்டே இருந்ததால் மோர் நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்தது. மகளிர் அணி வீடு வீடாகப் போய்த் தயிர் திரட்டி வந்தது. அடுத்த முறை பால்காரரிடம் முன்பே சொல்லிவைப்போம். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம் என்று முடிவெடுத்தும் ஒரு பெட்டி எப்படியோ வந்துவிட்டது. யார் கொண்டுவந்தது என்று விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் போவதில்லை.

தை மாதம் திருவள்ளுவர் தினத்தன்று ஏரிக்கரைச் சிலைக்கு மாலை அணிவித்தோம். 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை அது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி திறந்துவைத்தார், அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பாவும் உடனிருந்தார். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். அதனால் மாலை போட்ட கையோடு வள்ளுவர் குறளையும் சர்வக்ஞரின் மூவடிப் பாடலையும் பிள்ளைகள் சேர்த்தே சொன்னார்கள். இதை வழக்கமாக்கலாம் என்பது என் கருத்து.

ஏரி விஷயத்தில் மட்டும் நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழைநீர் வரவேண்டிய ராஜகால்வாயில் சாக்கடை வந்தால் தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும், மீன் மூச்சுத் திணறிச் சாகும். கரையில் நடைபாதையும் வேலியும் எத்தனை போட்டாலும் கால்வாயைச் சரிசெய்யாமல் ஏரி தேறாது. நம் தெரு வடிகாலில் சாக்கடைக் குழாயை இணைத்திருக்கும் வீடுகள் உண்டு, அவற்றில் நம் உறுப்பினர் வீடுகளும் உண்டு. பெயர் சொல்லவில்லை. தயவுசெய்து இந்த மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். பிறகுதான் அலுவலகங்களைக் கேள்வி கேட்க நமக்கு வாயிருக்கும்.

2010-இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட கோயில் குளமான கல்யாணியைச் சுத்தமாக வைக்க மாதம் ஒருமுறை போகிறோம். இளைஞர்கள் வந்தால் நன்றாக இருக்கும், இப்போது வருவது முழங்கால் வலிக்காரர்கள்தான்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. ஒன்று, ஊர் நடையை ஆண்டுக்கு இரு முறை கன்னடத்திலும் தமிழிலும் நடத்துவது. இரண்டாவது, பழைய வீட்டுப் பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், புகைப்படங்களை நகலெடுத்துச் சங்க அறையில் சேர்ப்பது. அசலை யாரும் கொடுக்க வேண்டாம், நகல் எடுத்ததும் கையோடு திருப்பித் தந்துவிடுவோம்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் வாசலில் ஒட்டப்படவில்லை. பொருளாளர் பையில் இருக்கிறது. காபிக்குப் போவதற்கு முன் அவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்