கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கம், மதுரை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் கூடவில்லை. அந்த நாட்களில் சிம்மக்கல் பக்கம் வண்டி எடுத்து வர முடியாது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்தது டிஎல்டிஆர் பேஜஸ் திட்டத்துக்குத்தான். முனையத்தில் (கணினிக்கு எழுத்தில் கட்டளையிடும் திரையில்) தட்டும் கட்டளைகளுக்கான சுருக்கக் கையேடுகளைப் பலர் கூடி எழுதும் திட்டம் இது. 2013-இல் தொடங்கியது. லினக்ஸ் இயங்குதளத்தோடு வரும் மேன் பக்கங்கள், அதாவது முழுக் கையேடுகள், திரை திரையாக நீளும். இங்கே ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 8 எடுத்துக்காட்டுகள், அவ்வளவுதான். ஆங்கிலப் பக்கங்களின் தமிழாக்கத்துக்கும் தனிக் கோப்புறை உண்டு. நிரல் எழுதத் தெரியாதவரும் பங்களிக்கலாம் என்பதால்தான் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகளை முதலில் இதில் உட்கார வைத்தோம்.

ஓட்டிப் பார்க்காத கட்டளையைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது என்று முடிவு செய்தோம். இன்னொரு கணினியோடு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை லினக்ஸில் நாம் நிறுத்தும்வரை ஓடும். விண்டோஸில் 4 முறை அனுப்பிவிட்டு நின்றுவிடும். கோப்பை நீக்கும் ஆர்எம் கட்டளையால் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். விளக்கம் பிசகினால் யாரோ ஒருவருடைய கோப்புகள் பறிபோகும். அதனால் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிய வரைவுகளைத் திருப்பிக் கொடுத்தோம். சிலருக்கு வருத்தம்தான், ஆனாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

புல் ரிக்வெஸ்ட் (எழுதியதைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பியதும் வடிவப் பிழைகளைத் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். பொருள் சரியா என்று அது பார்க்காது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். புதிதாக எழுத வருகிறவர்களுக்குக் குறைவில்லை, மற்றவர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கத்தான் ஆள் வேண்டும். மூத்த உறுப்பினர்கள் இதை எடுத்துச் செய்தால் பெரிய உதவி.

அப்புறம் இன்னொன்று. ஆங்கிலப் பக்கம் மாறும்போது தமிழ்ப் பக்கம் தானாக மாறுவதில்லை, பழையபடியே கிடக்கும். ஆகவே வரும் ஆண்டில் புதுப் பக்கங்களைக் குறைத்துக்கொண்டு, இருப்பவற்றை முதலில் புதுப்பிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. உங்கள் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்