உதவித்தொகை முன்கூட்டியே உறுதியாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்கல்விக்காக உள்ளூர் அறக்கட்டளைகளும் முன்னாள் மாணவர் சங்கங்களும் வழங்கும் உதவித்தொகைகள் பலரைக் கரையேற்றியுள்ளன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் அவை வழங்கப்படும் காலமும் முறையும் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தேர்வு முடிவுகள் வெளியான பின் விண்ணப்பம் கேட்டு, மதிப்பெண் வரிசையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி திறந்து சில மாதங்கள் கழித்து மேடையில் காசோலை கொடுப்பதே பல அமைப்புகளின் வழக்கமாக இருக்கிறது. அதற்குள் கையில் பணமில்லாத குடும்பம் கட்டணத்தின் கடைசி நாளைத் தவறவிட்டிருக்கும், அல்லது வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கும், அல்லது 'நமக்கு இது எட்டாது' என்று விண்ணப்பிக்காமலேயே ஒதுங்கியிருக்கும். இப்படி ஒதுங்கியவர்கள் எவருடைய கணக்கிலும் வருவதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு, இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்கும் கல்விக் கட்டணம் இல்லை என்று உறுதியளிக்கும் கடிதம் பள்ளி இறுதியாண்டின் தொடக்கத்திலேயே அனுப்பப்பட்டது. வழக்கமான வழியில் விண்ணப்பித்திருந்தாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ அதே உதவி கிடைத்திருக்கும். புதிதாகக் கிடைத்தது உறுதிமொழி மட்டுமே. எனினும் கடிதம் பெறாதவர்களில் 26 விழுக்காட்டினரே விண்ணப்பித்திருக்க, பெற்றவர்களில் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தனர். சேர்ந்தவர்களின் விகிதமும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

அதே மாநிலத்தின் கலமசூ நகரில், பெயர் வெளியிட விரும்பாத நன்கொடையாளர்கள் 2005இல் அறிவித்த திட்டம் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. அங்குள்ள பொதுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்து முடிப்பவருக்குக் கல்லூரிக் கட்டணத்தில் 65 விழுக்காடும், மழலையர் வகுப்பு முதல் படித்தவருக்கு முழுத் தொகையும் கிடைக்கும். மதிப்பெண்ணும் வருமானச் சான்றும் கேட்கப்படுவதில்லை. அவ்வளவு பெரிய நன்கொடையாளர்கள் எல்லா ஊருக்கும் வாய்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1958இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில் இர்விங் ஃபிராட்கின் என்ற கண்பார்வைப் பரிசோதகர், ஆளுக்கு ஒரு டாலர் தாருங்கள் என்று கேட்டே உள்ளூர் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது.

முதல் மதிப்பெண் பெற்ற ஒரே மாணவரை எல்லா அமைப்புகளும் போட்டி போட்டுக்கொண்டு பாராட்டுவதில் தவறில்லை. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைப்பதுதான் பொருத்தமற்றது. முதலாண்டுடன் உதவி நின்றுவிடுவதும் அப்படியே. விடுதி முன்பணம், பயணச் செலவு, மடிக்கணினி, இரண்டாம் ஆண்டுத் தேர்வுக் கட்டணம் என்று படிப்பைப் பாதியில் நிறுத்தும் செலவுகள் பிறகுதான் வருகின்றன. வெளியிலிருந்து உதவி வந்ததைக் காட்டிக் கல்லூரி தன் சலுகையைக் குறைத்துவிட்டால் மாணவருக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. அரசுக் கல்லூரிகள் அவ்வாறு குறைப்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2017இல் சட்டம் இயற்றித் தடை விதித்தது. நன்கொடை தருவோர் கல்லூரியிடம் இதை முன்பே எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

எனவே அமைப்புகள் தங்கள் அறிவிப்பைப் பள்ளி இறுதியாண்டின் தொடக்கத்திலேயே வெளியிட்டு, ஒரே பக்கப் படிவத்துடன் நிறுத்திக்கொண்டு, கட்டணக் கடைசி நாளுக்கு முன்பே பணம் கல்லூரிக்குச் சென்று சேர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்