சட்டம் படிக்கப் போகிறவளுக்கு யூக்ளிட் எதற்கு?

அன்புள்ள மருமகளுக்கு,

அமெரிக்காவின் அன்னாபொலிஸில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பழம்பெரும் நூல்களைப் படித்துவிட்டுச் சட்டப் பள்ளிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். அதே வாரம் உன் அம்மா தொலைபேசியில் அழைத்து, "பிளேட்டோவைப் படித்துவிட்டு எந்தக் கோர்ட்டில் வாதாடப் போகிறாள், அண்ணா?" என்று கேட்டாள். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அம்மாவின் கவலை ஊரிலிருந்து வந்தது. அங்கே பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் பெற்ற பிறகே ஜே.டி. என்னும் மூன்றாண்டுச் சட்டப் பட்டம் படிக்க முடியும், அதற்கு இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் பரிந்துரைப்பதில்லை. ஆகவே, பிளேட்டோ உன் வழியை அடைக்கப் போவதில்லை.

அந்தக் கல்லூரி தன் தொடக்கத்தை 1696 வரை கொண்டுபோய்ப் பெருமை பேசும். ஆனால் நீ ஆசைப்படும் பாடத்திட்டம் 1937-இல் வந்தது. சிறப்புப் பாடம் என்று எதுவும் கிடையாது. எல்லோரும் கிரேக்கக் கவி ஹோமரில் தொடங்கி ஒரே நூல்களைப் படிக்கிறார்கள். மொழிகளில் முதலில் கிரேக்கம், பின்னர் பிரெஞ்சு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் பட்டியலில் உண்டு. ஆனாலும் சட்டத்துக்கு மிக நெருக்கமான பயிற்சி அந்தத் தீர்ப்புகளில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது முதலாண்டுக் கணித வகுப்பில் இருக்கிறது. வடிவியல் எழுதிய பழைய கிரேக்க அறிஞர் யூக்ளிட்டின் ஒரு தேற்றத்தை மாணவர் கரும்பலகையின் முன் நின்று நிறுவ வேண்டும். ஒவ்வொரு படியிலும், இதைச் சொல்ல உனக்கு எது இடம் கொடுத்தது என்று யாராவது கேட்கலாம். ஆபிரகாம் லிங்கன் வழக்கறிஞராகி, காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவும் இருந்து முடித்த பிறகு உட்கார்ந்து யூக்ளிட்டின் ஆறு புத்தகங்களைப் படித்து ஏறத்தாழத் தேர்ச்சி பெற்றதாக 1860-இல் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். அந்த வயதில் அவர் தேடிப் போனதை உனக்குப் பதினெட்டு வயதிலேயே தருகிறார்கள்.

இனி, உனக்குப் பிடிக்காத செய்திகள். அங்கே மதிப்பெண்ணே கிடையாது என்று நீ எழுதியிருந்தது சரியன்று. பருவ முடிவில் ஆசிரியர்கள் உன்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே உன்னைப் பற்றித் தமக்குள் பேசுவார்கள். 'டான் ராக்' என்று அதற்குப் பெயர். மதிப்பெண் பதிவேட்டில் ஏறிக்கொண்டுதான் இருக்கும், நீ கேட்டால்தான் தெரியும். சட்டப் பள்ளிகளோ முதலில் பார்ப்பது அந்த மதிப்பெண்களின் சராசரியான ஜி.பி.ஏ.வையும், சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் மதிப்பெண்ணையும்தான். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் தர்க்கப் புதிர்களை நீக்கிவிட்டு, மதிப்பெண்ணுக்கு வாசிப்பையும் வாதங்களை எடைபோடுவதையும் மட்டுமே வைத்திருப்பது உனக்குச் சாதகம். ஆயினும் அந்தத் தேர்வுக்குத் தனியாகத்தான் பயிற்சி எடுக்க வேண்டும். செமினார் என்னும் அங்குள்ள கலந்துரையாடல் வகுப்பின் நிதானத்துக்கும் தேர்வுக் கடிகாரத்துக்கும் ஒத்துவராது.

பள்ளியில் நீ சேர்த்துவைத்திருக்கும் ஏ.பி. கிரெடிட்டுகளை, அதாவது பள்ளியிலேயே எழுதிய கல்லூரி அளவிலான தேர்வுகளின் மதிப்பைக் காட்டி ஓர் ஆண்டைக் குறைத்துக்கொள்ளவும் வழியில்லை; வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள்கூட முதலாண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். நான்கும் மூன்றும் ஏழாண்டுச் செலவு. கல்லூரி தரும் உதவித்தொகை எவ்வளவு என்பது கடிதமாகக் கைக்கு வரும்வரை எதற்கும் ஒப்புக்கொள்ளாதே.

சட்டத்துக்கு உதவும் என்பது மட்டுமே காரணமென்றால் நான் வேண்டாம் என்பேன். அதே பயனைக் குறைந்த செலவில் உன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பெறலாம். நாளை சட்டமே வேண்டாம் என்று மனம் மாறினாலும் அந்த நான்காண்டுகள் வீணாகவில்லை என்று உனக்குத் தோன்றுமானால் போ.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் போய் மாலை செமினாரில் உட்கார்ந்து பார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. ஆசிரியர் ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இரண்டு மணி நேரப் பேச்சின் முடிவில் விடை இதுதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியே வரும்போது அது உனக்கு எரிச்சலாக இருந்ததா, இல்லையா என்பதை மட்டும் மறைக்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா