சூனியக்காரிக்குக் காரணம் எதற்கு?

அன்புள்ள மகளுக்கு,

குழந்தைகளுக்காக நீ எழுதும் நாடகத்தைப் படித்துவிட்டேன். சூனியக்காரியின் முகத்துக்குப் பச்சை பூசச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பச்சை அப்படியொன்றும் பழையதல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய, ஓஸ் என்ற மாய நாட்டுக் கதையில் வில்லியான மேற்குத் திசைச் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண்தான் அடையாளம். அந்தக் கதையை வைத்து 1939இல் வந்த வண்ணப் படம் பூசிய பச்சை இன்னும் கழுவப்படவில்லை.

பாமின் மாமியார் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் அறிவிற் சிறந்த பெண்கள் என்று 1893இலேயே எழுதினார். கொல்லப்பட்டோர் 90 லட்சம் என்று அவர் மிகைப்படுத்தியது வேறு விஷயம். ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்களின் கணக்கு. மருமகன் கதையில் நல்ல சூனியக்காரிகளும் வருகிறார்களே, அதில் மாமியாரின் கை இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த மேற்குத் திசைக்காரிக்கு 1995இல் கிரகரி மகுவைர் தன் நாவலில் எல்ஃபபா என்று பெயரும் பிள்ளைப் பருவமும் கொடுத்தார். 2003இல் அது இசை நாடகமானது, 2024இல் திரைப்படமானது. நல்ல கற்பனைதான். ஆனால் இப்போது எல்லாச் சூனியக்காரிகளும் கையில் ஒரு சோகக் கதையோடுதான் மேடையேறுகிறார்கள். ‘தூங்கும் அழகி’ கதைப் படங்களின் வில்லி மெலிஃபிசென்டையே பார். 1959 படத்தில், விழாவுக்கு அழைக்கவில்லை என்ற கோபத்தில் குழந்தையைச் சபித்தாள். 2014 படத்திலோ, காதலித்தவன் அவள் சிறகுகளை அறுத்துச் சென்றிருந்தான். எனக்கு அந்தப் பழையவளைத்தான் பிடிக்கிறது. ஒரு பெண் கோபப்பட, காயத்தைச் சான்றிதழாகக் காட்ட வேண்டுமா என்ன?

இன்னொன்றும் உறுத்துகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில், 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் ஆண்கள். ஒருவர்கூடச் சூனியம் அறிந்தவர் இல்லை. இன்று அந்த ஊர்க் காவல்துறையின் சின்னமே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி. 2005 முதல், ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் சூனியக்காரி நாயகிக்கு அங்கே சிலையும் உண்டு. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டு உயிர் தப்பிய எலிசபெத் ஜான்சன் குற்றமற்றவர் என்று சட்டப்படி அறிவிக்க 2022 ஆகிவிட்டது!

ஆகவே, அவள் ஏன் கெட்டவளானாள் என்று விளக்கும் மூன்றாம் காட்சியை எடுத்துவிடு. அந்த நேரத்தை ஊராருக்குக் கொடு. முதலில் சந்தேகப்பட்டவர் யார், கேட்டவர்கள் ஏன் தலையாட்டினார்கள் என்று அவர்களே பேசட்டும். அவளுக்கு நகைச்சுவை வசனங்கள் போதவில்லை, அதையும் கவனி. திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா