கோல்போஸ்ட் எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை: தாள் வாங்குமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பாறசாலை, கொல்லங்கோடு, தூத்தூர் பக்கமிருந்து களியக்காவிளைக்கு வந்து எங்களிடம் அட்டை வாங்குகிறவர்களில் பலர், திறந்தால் கோல்போஸ்ட் எழும்பும் வாழ்த்து அட்டைக்குத்தான் தாள் கேட்கிறீர்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை இரண்டு: மடிப்பு வெடிக்கிறது, அல்லது அட்டை சரியாக மூடுவதில்லை. இரண்டையும் தாள் வாங்கும்போதே தவிர்க்கலாம்.

முதலில் இழை, அதாவது தாளின் நார்கள் ஓடும் திசை. தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இணங்கி வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாக இழை ஓடுகிறது. மடிப்பும் அதே திசையில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் வரும் ஏ4 அட்டையில் இழை பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும். அதைக் குறுக்கே மடித்தால் வெடிக்கும், மூடினாலும் விரிந்துகொள்ளும். பெரிய ஷீட்டிலிருந்து இழை பார்த்து நாங்களே வெட்டித் தருகிறோம், கேட்டு வாங்குங்கள்.

வெளி அட்டை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஏ4, கரும்பச்சை. உள் அட்டை 200 ஜிஎஸ்எம், 206 × 293 மி.மீ. உள் அட்டையின் நடுக்கோட்டை, 206 மி.மீ. பக்கத்துக்கு இணையாக, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறுங்கள். மேல் பாதி கேலரி, கீழ்ப் பாதி மைதானம்.

நிஜ கோல்போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். சரியாக மூன்றுக்கு ஒன்று. இந்த விகிதம் பிசகினால் பந்து விளையாடுகிற பிள்ளைகள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே 9 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். இரு ஓரத்திலிருந்தும் 58 மி.மீ. தள்ளி, நடுக்கோட்டுக்கு மேலே 3, கீழே 3 செ.மீ. நீளத்தில், தாளை முழுக்க அறுக்கும் இரண்டு கீறல். கீறல்களின் நுனிகளை மேலும் கீழும் இணைத்து மடிப்புக் கோடு போடுங்கள். மடிப்பதற்கு முன்பே, நடுக்கோட்டுக்குக் கீழே 5 மி.மீ. விட்டு, 80 × 22 மி.மீ. சன்னல் வெட்டுங்கள். அடியில் 3 மி.மீ. பட்டை மிஞ்சும், அதுதான் கோல்கோடு. அதையும் வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு கம்பமும் 5 மி.மீ. காலில் ஆடும். வலைக்கு மெடிக்கலில் கிடைக்கும் காஸ் துணி, 86 × 26 மி.மீ., சன்னலுக்குப் பின்னால் ஒட்டினால் போதும். இப்போது கீறல்களுக்கு நடுவே உள்ள பட்டையை உள்ளிருந்து முன்னால் தள்ளிப் பெட்டியாக மடியுங்கள். அதன் மேல் பாதி கூரை, கீழ்ப் பாதி முன்முகம்.

கோல்கீப்பரின் உருவத்தை முன்முகத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். பசை கூரைப் பகுதியில் பட்டால் பெட்டி மடங்காது. மூடும்போது முன்முகம் வெளிப்பக்கமாகப் படுக்கும். அதனால் பெட்டியின் ஆழம் 3 செ.மீ.யோடு உருவத்தின் உயரத்தையும் கூட்டினால் 14 செ.மீ.க்குள் நிற்க வேண்டும். உருவம் 11 செ.மீ.யைத் தாண்டினால் தலை வெளியே நீட்டும்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு: ஸ்டம்ப் 28 அங்குல உயரம், மூன்றும் சேர்ந்து 9 அங்குல அகலம். நாலு அங்குலத்துக்கு ஒரு செ.மீ. கணக்கில் 7 செ.மீ.க்கு 2.25 செ.மீ. இதில் கீறல் மேலே 7, கீழே 2 செ.மீ. மடிப்பு நடுக்கோட்டில் வராது, மேல் நுனியிலிருந்து 2 செ.மீ. கீழே வரும். நடுக்கோட்டைக் கீறும்போது இந்தப் பட்டையைத் தாண்டிச் செல்லுங்கள். தவறினால் ஸ்டம்ப் இடுப்பில் முறியும். இங்கே இழை படுக்கையாக ஓடுவதால், பின்னால் நிமிர்ந்த இழையுள்ள ஒரு துண்டை ஒட்டுவது நல்லது.

கடைசியாக ஒட்டுதல். வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. தாள் உப்பி, காயும்போது சுருளும். இடவப்பாதி மழைக்காலத்தில் காயவும் நேரமெடுக்கும். டபுள் சைடு டேப்தான் எங்கள் சிபாரிசு. பெட்டி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒரு பாதியை வெளி அட்டையின் மடிப்போடு பொருத்தி ஒட்டுங்கள். அடுத்த பாதியின் டேப் தாளை உரித்து, வெளி அட்டையை அதன் மேல் மூடி அழுத்துங்கள். திறந்து வைத்து இரண்டு பாதியையும் ஒட்டினால் நடுவில் இழுத்துப் பிடிக்கும்.

தபாலில் அனுப்ப 162 × 229 மி.மீ. சி5 கவர் சரியாக இருக்கும். கூடவே ஒரு கெட்டி அட்டையும் வையுங்கள்.

அன்புடன்,
கடையார்