கைதட்டுறவங்களப் பத்தின அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாச இதழ்ல கவிதை பத்தி வந்த கட்டுரைல, புதுசா எழுதுறவங்களுக்கு வாசகர்னு யாரும் கிடையாது, அவங்களுக்குள்ளயே கைதட்டிக்கிறாங்கன்னு ஒரு வரி இருந்துச்சு. எழுதினவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நீங்க பாத்துத்தானே அச்சுக்கு அனுப்பிருப்பீங்க, அதான் மனசு ஆறல.

உங்களுக்குத் தெரியாததில்ல. 1959ல சி.சு. செல்லப்பா 'எழுத்து'ன்னு சிறுபத்திரிகை ஆரம்பிச்சப்போ அதப் படிச்சவங்களேதான் எழுதவும் செஞ்சாங்க. திருகோணமலைல இருந்து இருபது வயசுப் பையன் ஒருத்தன் எழுதி அனுப்புனத நம்பிப் போட்டாரு, அந்தப் பையன்தான் பின்னாடி பெரிய கவிஞரா பேர் வாங்குன பிரமிள். 1962ல 24 பேர் கவிதைய ஒண்ணா சேத்து 'புதுக்குரல்கள்'னு கொண்டுவந்தாரு, புத்தகத்த அவரே சுமந்துட்டு ஊர் ஊரா, காலேஜ் காலேஜா போய் வித்தாரு. அப்புறம் சிவகங்கைல கவிஞர் மீராவோட 'அன்னம்' பதிப்பகம், குற்றாலத்துல கவிஞர் கலாப்ரியா நடத்துன கவிதைப் பட்டறை, எங்களுக்குப் பக்கத்துல கோவில்பட்டில கவிஞர் தேவதச்சனோட நகைக்கடைல நடந்த இலக்கியப் பேச்சு, எல்லாமே ஒருத்தர ஒருத்தர் படிச்சதுல வந்ததுதானே சார். அவங்க செஞ்சா இயக்கம், எங்க ஊர்ப் பசங்க செஞ்சா கைதட்டலா?

நாங்க லைப்ரரி மாடில மாசாமாசம் கூடுறோம். வர்றது ஏழெட்டு பேர்தான். மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு ஒரு தம்பி தூங்காம வருவான், கண்ணு செவந்து கிடக்கும், ஸ்க்ரீன் உடைஞ்ச போன்ல இருந்து வாசிப்பான். வாசிச்சதும் யாரும் கைதட்ட மாட்டோம், இன்னொரு தடவ படி தம்பின்னு சொல்லுவோம். ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஐயா ஒருத்தர் வருவாரு, கடைசி ரெண்டு வரிய எடுத்துரு, அதுக்கு முன்னாடியே கவிதை முடிஞ்சுபோச்சும்பாரு. அந்தத் தம்பிக்கு மூஞ்சி சுருங்கிரும், அடுத்த மாசம் அந்த ரெண்டு வரி இல்லாமதான் வருவான். கட்டுரை எழுதினவர் ஒருநாள் வந்து உக்காந்து பாத்திருந்தா அந்த வரிய எழுதிருக்க மாட்டாரு.

அந்தத் தம்பி கவிதைய போன வருசம் நீங்கதான் போட்டீங்க. சந்தோசம்தான், ஆனா எடம் பத்தலன்னு வரிய எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்து, நகை விளம்பரத்துக்குக் கீழ உரைநடை மாதிரி அடைச்சுட்டீங்க. வரி எங்க உடையணும்னு நாங்க ஒரு சாயங்காலம் பூரா சண்டை போட்ட கவிதை சார் அது. பேர்லயும் ஒரு எழுத்து விட்டுப்போச்சு. பிரதி அனுப்பல. கவிதை வந்ததே அவனுக்குத் தெரியாது, டீக்கடைல இதழப் பாத்துட்டு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்.

இன்னொரு பொண்ணு, முதல் தொகுப்புக்கு ஒரு பதிப்பகத்துக்குப் பணம் கட்டுச்சு, காதுத் தோட்ட அடகு வச்சு. அம்பது புத்தகம் கைல கொடுத்துட்டு மத்தது கடைகளுக்குப் போகும்னாங்க, எந்தக் கடைலயும் நான் பாக்கல. உங்களுக்கும் ரெண்டு பிரதி அனுப்புச்சு, வரப்பெற்றோம்னு ஒரு வரி கூட வரல, அதே மாசம் பிரபலமான ஒருத்தரோட பத்தாவதோ பதினொண்ணாவதோ தொகுப்புக்கு நாலு பக்கம் மதிப்புரை. மறைந்த கவிஞர் குமரகுருபரன் பேர்ல 2017ல இருந்து இளம் கவிஞர்களுக்கு விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்துல விருது கொடுக்குறாங்க, நல்லது, ஆனா அது வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் போய்ச் சேரும். மத்த பிள்ளைங்களுக்கு உங்கள மாதிரி பத்திரிகைய விட்டா வேற வாசல் எது? வாசலச் சாத்திட்டு, அவங்க வெளிய நின்னு அவங்களுக்குள்ள பேசிக்கிறாங்கன்னு எழுதினா என்ன நியாயம்?

கோவத்துல ஏதும் கூடப் பேசிருந்தா பொறுத்துக்கணும். கேக்குறது இவ்வளவுதான். கவிதை அனுப்புறவங்களுக்கு எடுத்துக்கிட்டோம், எடுக்கலன்னு ஒரு வரி மெயில் போடச் சொல்லுங்க. வரிய உடைக்காமப் போட எடம் இல்லன்னா அந்த மாசம் போடாதீங்க, அடுத்த மாசம் வரைக்கும் காத்திருப்பாங்க. வந்த இதழ்ல ஒண்ணு அவங்களுக்கு அனுப்புங்க. தபால் செலவ வேணும்னா நாங்க கட்டிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ராஜபாளையம்.